மழையோடு வரும் வீரகாவியம்

வட இந்தியாவில் மழைக்காலத்துக்கென்றே ஒரு காவியம் உண்டு. ஆடி, ஆவணி மாதங்களில் வானம் விடாது பெய்யத் தொடங்கியதும் புந்தேல்கண்டிலும் அதனை அடுத்த கன்னோசி, அவதப் பகுதிகளிலும் வயல் வேலை சில நாள் ஓய்கிறது. அப்போது ஊர்ப் பொதுவிடத்திலோ ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்திலோ மக்கள் கூடுகின்றனர். டோலக் முழங்குகிறது, தாளம் சேர்கிறது. பாடகர் தெய்வ வணக்கத்தை மெல்லிய குரலில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் குரலை உயர்த்துகிறார். போர்க்களத்துக்கு வந்து சேரும்போது அவர் குரல் வெளியே முழங்கும் இடியோடு போட்டியிடுகிறது. ஆல்ஹா, ஊதல் என்னும் இரு உடன்பிறந்தாரின் கதை அது. பாட்டுக்கும் அதன் யாப்புக்கும் ‘ஆல்ஹா’ என்பதே பெயர். பாடுவோரை ‘அல்ஹைத்’ என்பர்.

நாடெங்கும் கிளைகள் கொண்ட வங்கியில் பணிபுரியும் நம் போன்றோருக்கு மாறுதல் ஆணையால் நேரும் இடர்கள் பல. அதனால் வாய்க்கும் பேறுகளும் சில உண்டு. அவற்றுள் ஒன்று, பிறந்த மண்ணில் நாம் கேள்விப்பட்டிராத ஒரு பெருங்கதையைச் சென்ற மண்ணில் கேட்பது. வடபுலத்தில் பணியாற்றிய ஆண்டுகளில் ஆல்ஹாவை நாம் அவ்வாறே அறிந்தோம். இரயில் நிலையப் புத்தகக் கடைகளில் விற்கும் மலிவுப் பதிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தும், புரியாத இடங்களைத் தெரிந்தோரிடம் கேட்டும் சுவைத்த காவியம் இது. அச்சுவையை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை நிகழும் நாடு

இன்றைய உத்தரப் பிரதேசத்தின் தென்பகுதியும் மத்தியப் பிரதேசத்தின் வடபகுதியும் சேர்ந்த நிலமே புந்தேல்கண்டு. கஜுராஹோக் கோயில்களை எழுப்பிய சந்தேல மரபினர் அங்கு ஆண்டனர். அவர்களுடைய தலைநகர்களுள் ஒன்று மகோபா. வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஊர். சந்தேல மன்னர்கள் வெட்டிய பெரிய ஏரிகளும் அங்கு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு அரசாண்டவன் பரமர்த்திதேவன். காவியம் அவனைப் பர்மால் என்று அழைக்கிறது.

தில்லியையும் அஜ்மீரையும் ஆண்ட பிருதிவிராஜ சௌகான் பர்மாலின் நாட்டின்மேல் படையெடுத்தது வரலாற்றுச் செய்தி. லலித்பூர் மாவட்டத்து மதன்பூரில் உள்ள 1182-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதற்குச் சான்று. அந்நிகழ்ச்சியைச் சுற்றிப் பல தலைமுறைப் பாடகர்கள் வளர்த்ததே இக்காவியம். பர்மாலின் அவைப் புலவர் ஜகனிக் என்பவரே முதலில் பாடினார் என்பது மரபு. மரபுக் கணக்கின்படி போர்கள் ஐம்பத்திரண்டு. அவற்றுள் பெரும்பாலானவை திருமணத்தை ஒட்டி எழுந்தவை.

இந்தத் திருமணப் போர்களில்தான் காவியத்தின் முதல் நுட்பம் இருக்கிறது. ஆல்ஹாவும் ஊதலும் பனாபர் குலத்தார். அக்குலத்தைப் பிற அரசர்கள் தம்மினும் தாழ்ந்ததாகக் கருதுகின்றனர். சண்டையிட்ட இரு எருமைகளைக் கொம்பைப் பிடித்து விலக்கிய ஆயர்குலப் பெண்களின் வலிமையைக் கண்டு வியந்து மணந்தார்கள் இவ்வீரர்களின் தந்தையர் என்று ஒரு வழக்கு உண்டு. அதனாலேயே ‘இவர்களுக்கு எப்படிப் பெண் கொடுப்பது?’ என்னும் வினா ஒவ்வோர் அரண்மனை வாயிலிலும் எழுகிறது. மணமாலை விழுவதற்கு முன் வாள் எழ வேண்டியிருக்கிறது. பிறப்பால் இகழப்பட்டோர் ஆற்றலால் மதிப்பை ஈட்டும் கதையை உழவர்களும் தொழிலாளிகளும் எட்டு நூற்றாண்டுக்குப் பின்னும் விரும்பிக் கேட்பதில் வியப்பில்லை.

ஆலமரத்தில் தொங்கிய தலைகள்

பர்மாலின் படைத்தலைவர்களாக இருந்த தசராஜும் பச்சராஜும் ஓர் இரவில் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்படுகின்றனர். அதைச் செய்தவன் மாரோ நாட்டு இளவரசன் கரிங்கா. மாளவத்து மாண்டு கோட்டையே மாரோ என்பர். ஒன்பது இலட்சம் மதிப்புள்ள ஆரத்தை அவன் கவர்ந்து செல்கிறான். கொல்லப்பட்டவர்களின் தலைகளைத் தன் கோட்டையின் ஆலமரத்தில் தொங்கவிடுகிறான். தசராஜின் மக்களான ஆல்ஹாவையும், உதயசிங் என்னும் ஊதலையும் அரசி மல்ஹனா தன் பிள்ளைகளைப் போலவே வளர்க்கிறாள். தந்தைக்கு நேர்ந்த கதியைத் தாய் தேவலா மறைத்துவிடுகிறாள். பழிவாங்கப் புறப்பட்டுப் பிள்ளைகளும் மடிந்துவிடக் கூடாது என்னும் அச்சம் அவளுக்கு.

ஊதலுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது அந்த மறைப்பு உடைகிறது. ‘உன் வீரத்தை இங்கே காட்டாதே, உன் தந்தையின் தலை தொங்கும் இடத்தில் போய்க் காட்டு’ என்று ஒருவன் இகழ்கிறான். அதன்பின் சிறுவனைத் தடுப்பார் இல்லை. சகோதரர்களும் தோழர்களும் யோகியராக வேடம் பூண்டு, இசைக் கருவிகளோடு மாரோ அரண்மனைக்குள் நுழைகின்றனர். பாடியும் ஆடியும் கோட்டையின் அமைப்பை அறிந்து திரும்புகின்றனர். பிறகு படை வருகிறது, கோட்டை வீழ்கிறது, தந்தையின் தலைக்கு உரிய இறுதிக் கடன் செய்யப்படுகிறது.

துணிவு, மாறுவேடம், இரகசிய வழி, வாக்குத் தவறாத தோழர் என வீரக்கதை விரும்பும் வாசகர் கேட்பதெல்லாம் இப்பகுதியில் உண்டு. குதிரைகளும் கதைமாந்தர்களே. ஊதலின் பேந்துலா, அவன் தந்தையின் உடன்பிறந்தார் வழியில் சகோதரனான மல்கானின் கபூதரி ஆகியவை கோட்டை மதில்களைத் தாவிப் பறக்கும் தன்மையுடையவை. கபூதரி என்றால் பெண்புறா. யாப்பும் அக்குதிரைகளுக்கு ஏற்றதே. ஓரடிக்கு 31 மாத்திரை. பதினாறில் ஒரு நிறுத்தம், எஞ்சிய பதினைந்தில் ஒரு பாய்ச்சல். பொருள் முழுவதும் விளங்காதவருக்கும் அவ்வோட்டம் செவியில் தங்கிவிடும்.

ஒரு சொல்லின் விலை

ஊதலை இகழ்ந்தவனின் பெயர் மாஹில். அவன் உரயி நகரத்துத் தலைவன்; அரசி மல்ஹனாவின் உடன்பிறந்தவன்; வீரர்களுக்கு மாமன் முறை. மகோபா ஒரு காலத்தில் அவன் தந்தையின் ஊர். அது பர்மாலின் கைக்குப் போனது அவன் நெஞ்சில் ஆறாப் புண்ணாக இருக்கிறது. அவன் களத்தில் நின்று போரிடுவதில்லை. குதிரையேறிச் செல்வான்; ஓர் அரண்மனையில் கேட்டதை மற்றோர் அரண்மனையில், சிறிது கூட்டியும் சிறிது குறைத்தும் சொல்வான். அவன் சொல்வது முழுப் பொய்யாகவும் இராது. பாதி உண்மையை உரிய நேரத்தில் உரிய காதில் இடுவதே அவன் கலை. நம் ஊரில் சகுனி என்றால் விளங்குவதுபோல் அந்நாட்டில் ‘மாஹில் மாமா’ என்றால் குழந்தைக்கும் விளங்கும்.

காவியத்தின் பெரும் போர்கள் பலவற்றின் தொடக்கத்தில் மாஹிலின் சொல் இருக்கிறது. ஆனால், அழிவுக்கு அவன் ஒருவனே பொறுப்பாளி என்று பாடகர்கள் விட்டுவிடுவதில்லை. கேட்டதைச் சரிபார்க்காத பர்மாலின் பொறுப்பும் அதில் உண்டு. பர்மால் கொடியவன் அல்லன், போர்க்கருவியைத் தொடுவதில்லை என்று நோன்பு பூண்டவன், அமைதியை விரும்புபவன். அவன் குறை ஒன்றே: கடைசியாக வந்தவன் சொன்னதை மெய்யென நம்புவது. சரிபார்க்காத சீட்டை வரவு வைப்பதன் விளைவை அறிந்த தொழில் நமது. ஆகவே பர்மாலின் அவைக்காட்சிகளைப் படிக்கும்போது நமக்குப் பதைப்பு சற்று மிகுதியாகவே உண்டாகிறது.

மாஹிலின் தூண்டுதலால், புகழ்பெற்ற குதிரைகளைக் கொடுத்துவிடுமாறு சகோதரர்களுக்கு ஆணை பிறக்கிறது. ஏறிப் போரிடும் குதிரையைக் கொடுப்பது வீரனுக்கு மானக்கேடு. அவர்கள் மறுக்கின்றனர். தன் நாட்டை இத்தனை காலம் காத்தவர்களைப் பர்மால் நாடு கடத்துகிறான். தாயோடும் மனைவி மக்களோடும் அவர்கள் கன்னோசி மன்னன் ஜெயசந்திரனிடம் அடைக்கலம் புகுகின்றனர்.

அவர்கள் இல்லாத நாட்டில் மாஹிலின் நா மேலும் வேலை செய்கிறது. சிர்சாக் கோட்டையைக் காக்கும் மல்கானை எந்த ஆயுதமும் வெல்லாது. அவன் உயிர்நிலை உள்ளங்காலில் உள்ள தாமரை வரையில் இருக்கிறது. உறவினன் என்ற உரிமையோடு சென்ற மாஹில், மல்கானின் தாயிடமிருந்தே அந்த இரகசியத்தைப் பேச்சுவாக்கில் அறிந்துகொள்கிறான். போர்க்களத்துக் குழிகளில் ஈட்டிகள் மறைத்து வைக்கப்படுகின்றன. மல்கான் வீழ்கிறான். வாளால் முடியாதது நலம் விசாரிக்க வந்த ஒரு சொல்லால் முடிந்துவிடுகிறது.

ஏரிக்கரையில் நடந்தது

காவியத்தின் உச்சம் என நாம் கருதும் பகுதி இனிமேல்தான் வருகிறது. ஆவணிப் பௌர்ணமி நெருங்குகிறது. மகோபாப் பெண்கள் முளைப்பாரி வளர்த்து, அதனைக் கீரத் சாகர் ஏரியில் விடுவது வழக்கம். பதினோராம் நூற்றாண்டில் கீர்த்திவர்மன் வெட்டுவித்த ஏரி அது. பெண்கள் வெளியே வரும் அந்நாளை எதிர்பார்த்துப் பிருதிவிராஜனின் படை நகரைச் சூழ்ந்து நிற்கிறது. அரண்மனைக்குள் பர்மால் செயலற்றிருக்கிறான். முளைப்பாரியை நீரில் விடாமல் வாடவிடுவது தீநிமித்தம்; வெளியே எடுத்துச் செல்வதோ ஆபத்து. அரசி மல்ஹனா தான் வளர்த்த பிள்ளைகளை நினைத்து அழுகிறாள்.

அப்போது யோகியர் சிலர் நகருக்கு வருகின்றனர். காவியுடையும் சாம்பலும் பூண்ட அவர்கள், முளைப்பாரி ஊர்வலத்துக்குத் துணை வருவதாகச் சொல்கின்றனர். கன்னோசியிலிருந்து தோழன் லாகனோடு வந்திருக்கும் ஊதலும் பிறருமே அந்த யோகியர். தாம் இன்னார் என்று வெளிப்படுத்திக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. நாடு கடத்திய ஆணை அப்படியே இருக்கிறது, மன்னிப்பு வரவில்லை, வெகுமதியும் பேசப்படவில்லை. ஏரிக்கரையில் கடும்போர் நிகழ்கிறது. தில்லிப் படை பின்வாங்குகிறது. பெண்கள் முளைப்பாரியை நீரில் விடுகின்றனர். யோகியர் வந்த வழியே திரும்புகின்றனர்.

சிறுவயதில் தந்தையின் பழிதீர்க்க யோகியராகச் சென்றவர்களே இப்போது தம்மைத் துரத்திய ஊரைக் காக்க யோகியராக வருகின்றனர். வேடம் ஒன்றே, அணிந்தவர்கள் வளர்ந்துவிட்டனர். அரசனுக்கு அவர்கள் பட்டிருந்த கடன் நாடு கடத்தப்பட்ட நாளிலேயே தீர்ந்துவிட்டது. வளர்த்த தாய்க்குப் பட்ட கடன் வேறு. அதற்கு ஆவணம் இல்லை, பிணை இல்லை, தவணை இல்லை, கேட்டுவர ஆளும் இல்லை. எழுத்தில் இல்லாத அக்கடனை எவரும் கேளாமலே முழுதாகச் செலுத்தியதாலேயே ஆல்ஹாவும் ஊதலும் காவியத் தலைவர்கள் ஆயினர் என்பது நம் கருத்து. கோட்டைகளை வென்றவர்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். அவர்களுக்கெல்லாம் ஆண்டுதோறும் மழை நாளில் பாட்டு எழவில்லை.

இறுதியும் எச்சமும்

இதன்பின் அவர்களை மீண்டும் அழைத்துவரப் புலவர் ஜகனிக் கன்னோசிக்கு அனுப்பப்படுகிறார். அவமதிப்பை மறவாத ஆல்ஹா முதலில் மறுக்கிறான். தாய் தேவலாவின் கடுமொழியே அவனை அசைக்கிறது. கடைசிப் போர் பிருதிவிராஜனின் மகளும் மகோபா இளவரசன் பிரம்மானந்தின் மனைவியுமான பேலாவை முன்னிட்டு எழுகிறது. பிறந்த வீட்டாரே கணவனைக் கொன்றமையால் அவள் தீப்பாயத் துணிகிறாள். அந்தச் சிதையைச் சுற்றி இரு தரப்பு வீரர்களும் மாண்டு குவிகின்றனர். ஊதலும் வீழ்கிறான். சினத்தால் உலகையே அழிக்கத் துணியும் ஆல்ஹாவைக் கோரக்நாதர் தடுத்துக் காட்டுக்கு அழைத்துச் செல்கிறார். மத்தியப் பிரதேசத்து மைஹர் மலைமேலுள்ள சாரதா தேவிக்கு நாள்தோறும் முதல் பூசை செய்பவன் இறவாத ஆல்ஹாவே என்பது இன்றும் மக்கள் நம்பிக்கை.

வரலாறு இக்கதைக்கு எழுதிய பின்னுரை சுருக்கமானது. 1192-இல் தராயின் களத்தில் பிருதிவிராஜன் தோற்றான். 1194 வாக்கில் சந்தவார்ப் போரில் கன்னோசி மன்னன் ஜெயசந்திரன் மாண்டான். 1203-க்குள் சந்தேலரின் காலிஞ்சர்க் கோட்டை குத்புதீன் ஐபக்கிடம் வீழ்ந்தது. தம்முள் மோதிய மூன்று அரசுகளும் இருபதாண்டு இடைவெளியில் ஒடுங்கிவிட்டன. பாடகர் இத்தேதிகளைச் சொல்வதில்லை. ஆயினும் இத்தனை வீரமும் எதற்குச் செலவாயிற்று என்னும் ஏக்கம் பாட்டின் இறுதிப் பகுதி முழுவதும் இழையோடுகிறது.

இக்காவியத்தில் இன்றைய வாசகர் ஏற்க இயலாதவையும் உண்டு. மாரோ இளவரசி ஊதலின்மேல் அன்புகொண்டு கோட்டையின் இரகசியத்தைச் சொல்லி உதவுகிறாள். வெற்றிக்குப் பின் அவள் பகைவன் மகள் என்ற காரணத்தால் கொல்லப்படுகிறாள். தீப்பாய்தலைப் புகழும் மனப்பான்மையும் நமக்கு உவப்பன்று. அவற்றை மறைத்துவிட்டுப் புகழ்வது நேர்மையாகாது. அதே நூலில், பனாரஸைச் சேர்ந்த தாலா சையத் என்னும் முஸ்லிம் வீரர் தந்தையின் இடத்திலிருந்து இப்பிள்ளைகளுக்குப் போர்ப் பயிற்சி அளித்து, தம் மக்களோடு அவர்களுக்காகப் போரிடுகிறார். அதனையும் சேர்த்தே நாம் படிக்கிறோம்.

செஞ்சிக்கு வந்த புந்தேலர்

அந்த நட்பைப் படிக்கும் தமிழருக்கு ஒரு பெயர் நினைவுக்கு வராமல் இராது. செஞ்சியை ஆண்ட தேசிங்குராசனின் இயற்பெயர் தேஜ்சிங். அவர் புந்தேல இராஜபுத்திரர். முகலாயர் சார்பில் செஞ்சிக் கோட்டைத் தலைவராக இருந்த சொரூப்சிங்கின் மகன். தந்தை இறந்தபின் கப்ப நிலுவை குறித்து ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு பிணங்கி, 1714-இல் சிறுபடையோடு போரிட்டு மாண்டவர். தமிழ்நாட்டில் அவர் கதை நாட்டுப்பாடலாயிற்று. அதிலும் மதிலைத் தாண்டும் வல்லமைகொண்ட பாராசாரிக் குதிரை உண்டு. மணக்கோலத்திலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் புகும் மோவுத்துக்காரன் என்னும் முஸ்லிம் தோழனும் உண்டு.

ஆல்ஹாப் பாட்டு செஞ்சிக்கு வந்து தேசிங்கு பாட்டாயிற்று என்று நாம் துணிந்து சொல்லவில்லை. ஆனால் ஆல்ஹா பாடப்படும் மண்ணின் மரபினர் ஒருவரைத் தமிழ்ப் பாடகர்கள் தம் வீரராக ஏற்றுக்கொண்டனர் என்பது உறுதி. செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி வழிபாட்டைப் பல்லாண்டு ஆராய்ந்த அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைடல் 1999-இல் வெளியிட்ட தம் நூலில் ஆல்ஹாவை விரிவாக ஆராய்ந்ததும் கருதத்தக்கது. ஆல்ஹாக் கதையின் வீரர்கள் பாண்டவரின் மறுபிறவிகள் என்றும் பேலா திரௌபதியின் மறுபிறவி என்றும் பாடகர்கள் சொல்லுவது அவ்வாய்வுக்கு வாயிலாயிற்று.

பாட்டு ஏட்டில் ஏறியது

பல நூற்றாண்டு நினைவிலேயே வாழ்ந்த இப்பாட்டு அச்சேறியதற்கு ஓர் அலுவலரின் ஆர்வம் காரணம். ஃபருக்காபாத் ஆட்சியராக இருந்த சார்லஸ் எலியட் 1860-களில் அல்ஹைத்துகள் சிலரை வரவழைத்து, அவர்கள் பாடியவற்றைத் தொகுத்து எழுதச் செய்தார். வங்காள ஆட்சிப்பணியைச் சேர்ந்த வில்லியம் வாட்டர்ஃபீல்டு அதன் பகுதிகளை ஆங்கிலப் பாட்டாக மொழிபெயர்த்தார். எஞ்சியவற்றின் சுருக்கத்தை மொழியியலறிஞர் கிரியர்சன் எழுதிச் சேர்த்தார்; நூல் 1923-இல் வெளிவந்தது. கோப்புகளுக்கு நடுவே அமர்ந்திருந்தவர்கள் அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் ஆற்றிய தொண்டு அது.

ஆயினும் ஏட்டில் உள்ளது ஒரு பாடம் மட்டுமே. புந்தேலி, கன்னோசி, அவதி, போஜ்புரி என மொழிக்கு மொழி, பாடகருக்குப் பாடகர் கதை வேறுபடும். எந்தப் பாடம் சரியானது என்று கேட்டால், ‘எங்கள் ஊரில் பாடுவது’ என்று ஒவ்வோர் ஊராரும் சொல்லுவர். அந்த உரிமையுணர்ச்சி உள்ளவரை பாட்டுக்கு முதுமை இல்லை. ஒலிநாடாவும் அதன்பின் கைப்பேசியும் வந்தபோதும் ஆல்ஹா அவற்றில் ஏறிப் பயணம் செய்கிறது. எனினும் ஒரு மழை இரவு முழுவதும் உட்கார்ந்து கேட்கும் பொறுமை அருகிவருகிறது. அரைமணி நேரத் துண்டுகளாகக் கேட்பவர்க்கு வாள்வீச்சு கிடைக்கும். மாஹிலின் சொல் மெல்ல மெல்ல ஒரு நாட்டை அரிப்பது தெரியாது. முழுக்கதையையும் கேட்டவர்க்கே ஏரிக்கரை யோகியரின் பெருமை விளங்கும்.

வடபுலத்தில் பணியிலோ பயணத்திலோ இருக்கும் வாசகர்கள் மழைக்காலத்தில் வாய்ப்புக் கிடைத்தால் ஓர் அல்ஹைத்தின் பாட்டைக் கேட்க வேண்டும். முடிந்தால் மகோபாவுக்கும் செல்ல வேண்டும். கீரத் சாகர் ஏரிக்கரையில் ஆண்டுதோறும் கஜ்லித் திருவிழா நடைபெறுகிறது. நாடு முழுவதும் ஆவணிப் பௌர்ணமியன்று சகோதரிகள் ராக்கி கட்டுகின்றனர். மகோபாவில் மட்டும் மறுநாளே கட்டுகின்றனர். போர் முடிந்து வீரர்களின் கைகள் ஓய்வதற்கு அன்று ஒரு நாள் ஆயிற்று என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். எண்ணூறு ஆண்டுக்கு முன் தன்னைக் காத்தவர்களுக்காக அந்த ஊர் இன்னும் ஒரு நாள் காத்திருக்கிறது.